பாஸ்வேர்டு கேட்காத மடிக்கணினி: ஒரு வீட்டு வைஃபையில் அன்னியக் கருவிகள்

பின்னணி

அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு பேர் கொண்ட வீடு. கூடத்தில் இணைய நிறுவனம் மாட்டிக்கொடுத்த ரூட்டர் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் டிவிக்கும், இன்னொரு கேபிள் சுவரோரமாகப் பின்னறைக்கும் போகிறது. பின்னறை மூத்த மகனின் படிப்பறை. அவர் வெளியூரில் வேலை பார்ப்பவர், சனி ஞாயிறு மட்டும் வருவார். மற்ற நாட்களில் அந்த அறையின் மின் சுவிட்சை அணைத்தே வைப்பது வீட்டு வழக்கம்.

மாலையில் நெட் இழுக்கிறது, ரூட்டரின் பட்டியலில் தெரியாத பெயர்கள் இருக்கின்றன என்பது புகார். வைஃபை பாஸ்வேர்டு, வீட்டின் பெயரோடு ஒரு வருட எண்ணைச் சேர்த்து வைத்தது. மாட்டிய நாளிலிருந்து அதை யாரும் மாற்றவில்லை.

வீட்டார் தாமாகச் செய்தவை

உதவி கேட்பதற்கு முன்பே மூன்று காரியங்கள் நடந்திருந்தன.

ஒரு திங்கட்கிழமை பாஸ்வேர்டை மாற்றினார்கள். ஐந்து நாள் அமைதி. சனிக்கிழமை மாலை அதே அன்னியப் பெயர்கள் திரும்ப வந்தன. ஐந்தே நாளில் யாரோ புதிய பாஸ்வேர்டை உடைத்துவிட்டார்கள் என்று வீட்டார் முடிவு கட்டினார்கள்.

அடுத்தது மேக் முகவரித் தடை. மேக் முகவரி என்பது ஒவ்வொரு கருவியும் நெட்வொர்க்கில் காட்டும் அடையாள எண். ரூட்டரின் வைஃபை பகுதியில் மூன்று முகவரிகளைத் தடைப்பட்டியலில் ஏற்றினார்கள். அவற்றில் ஒன்று ‘எஸ்பிரெசிஃப்’ என்ற பெயரில் இருந்தது. பெயரே சந்தேகத்தைக் கிளப்பியது. அன்றிரவு கூடத்து ஸ்மார்ட் பல்பு ஒன்று கைபேசிக்குக் கட்டுப்பட மறுத்தது. எஸ்பிரெசிஃப், பல்பு, பிளக் போன்ற சாதனங்களுக்குள் இருக்கும் வைஃபை சிப்பைத் தயாரிக்கும் நிறுவனம். மேக் முகவரியின் முதல் மூன்று ஜோடி எழுத்துகள் பெரும்பாலும் அந்த சிப் தயாரிப்பாளரைத்தான் குறிக்கும். பெட்டி மேல் அச்சிட்ட பிராண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. சொந்தப் பல்பைத் தடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு முகவரிகளும் தடை போட்ட பிறகும் பட்டியலில் வந்துகொண்டே இருந்தன.

மூன்றாவதாக நெட்வொர்க் பெயரை மறைத்தார்கள். மறைத்தால் ரூட்டர் தன் பெயரைத் தானாக அறிவிக்காது, அவ்வளவுதான். ஏதாவது ஒரு கருவி இணையும்போது பெயர் வெளிப்படையாகவே காற்றில் போகும். மறைத்த நெட்வொர்க்கைச் சேமித்த கைபேசி, போகும் இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித் தேடும் என்பது கூடுதல் நஷ்டம். இந்த வீட்டில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது: மறைத்த பெயர் சனிக்கிழமையன்று கைபேசித் திரையில் மறுபடி தெரிந்தது. செட்டிங் நிற்கவில்லை, ரூட்டர் பழுது என்று எடுத்துக்கொண்டார்கள்.

கவனித்தவை

வீட்டார் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு புகாராகச் சொன்ன நான்கு விஷயங்களை ஒன்றாக எழுதிப் பார்த்தபோது படம் மாறியது. அன்னியப் பெயர்கள் வருவது சனி, ஞாயிறில் மட்டும். மறைத்த பெயர் தெரிவதும் அதே நாட்களில். அந்த நாட்களில் பின்னறைக்குள் போனால் கைபேசி ‘பாஸ்வேர்டு தவறு’ என்கிறது, கூடத்துக்கு வந்தால் தானே சரியாகிறது. நான்காவதை யாரும் புகாராகவே சொல்லவில்லை. கேட்டபோது வந்த பதில் அது. படிப்பறை மடிக்கணினியும் பிரின்டரும் புதிய பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை, பழையபடியே வேலை செய்தன.

பாஸ்வேர்டு மாறினால் அந்த ரூட்டரைப் பிடித்திருந்த எல்லாக் கருவிகளும் வெளியே விழ வேண்டும். விழாத கருவி அந்த ரூட்டரைப் பிடிக்கவில்லை என்று பொருள். அப்படியானால் அதே பெயரில், பழைய பாஸ்வேர்டோடு இன்னொரு வைஃபை வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது.

ஊகத்தை நம்பிக் கை வைக்காமல் முதலில் கணக்கெடுக்கப்பட்டது. கணக்கெடுப்புதான் இந்த மாதிரி வேலையில் முக்கால் பங்கு. வீட்டார் வாயால் சொன்னது ‘எட்டு ஒன்பது இருக்கும்’. அறை அறையாக நடந்து எண்ணியதில் 14: கைபேசி 4, மடிக்கணினி 2, டிவி 1, டேப்லெட் 1, பிரின்டர் 1, பல்பு 3, வாசல் கேமரா 1, அலாரத்துக்காக வைத்திருந்த பழைய கைபேசி 1.

சனிக்கிழமை இரவு ரூட்டரின் டிஹெச்சிபி பட்டியலில் 18 வரிகள் இருந்தன. அதில் ஒன்று இரட்டிப்பு: தடை போடும் சோதனையின்போது ஒருவர் தம் கைபேசியில் மாறுமுகவரி வசதியை (நிஜ மேக் முகவரிக்குப் பதில் புனைந்த ஒன்றைக் காட்டுவது) அணைத்திருந்தார், அதனால் ஒரே கைபேசி பழைய முகவரியிலும் புதிய முகவரியிலும் நின்றது. டிஹெச்சிபி பட்டியல் இப்போது இணைந்திருப்பவர்களின் பட்டியல் அல்ல. ஐபி முகவரி வாங்கியவர்களின் பட்டியல். இந்த ரூட்டரில் ஒரு முகவரியின் ஆயுள் 24 மணி நேரம், அதுவரை போன கருவியின் பெயரும் கிடக்கும். கையால் ஐபி முகவரி அமைத்த கருவியோ இதில் வராமலே போகலாம். ஆகவே வைஃபை இணைப்புப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

அந்த வைஃபை பட்டியலில் 10 கருவிகள் மட்டுமே, பத்தும் வீட்டாருடையவை. மீதி ஏழும் ‘லேன்’ என்ற தலைப்பின் கீழ், அதாவது கேபிள் வழியாக வந்தவையாக நின்றன. ரூட்டரின் பின்னால் செருகியிருந்த கேபிள்களோ இரண்டுதான். ஒன்று டிவி. அப்படியானால் இன்னொரு கேபிளில் ஆறு கருவிகள். அந்த ஆறில் மடிக்கணினி, பிரின்டர், அலாரக் கைபேசி போக மூன்று அன்னியர்கள். வைஃபை தடைப்பட்டியல் அவர்களைத் தொடாததன் காரணமும் இதுதான்: அந்தத் தடை, கூடத்து ரூட்டரின் வைஃபை வழியாக நுழைபவரை மட்டுமே பார்க்கும். கேபிள் வழியாக வருபவரை அது கேள்வி கேட்காது.

மேசைக்குப் பின்னால் இருந்தது

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனதில், படிப்பறை மேசைக்குப் பின்னால் ஒரு பழைய ரூட்டர் கிடைத்தது. பின்னறைக்கு சிக்னல் எட்டவில்லை என்று சில ஆண்டுகளுக்கு முன் யாரோ அமைத்துக் கொடுத்தது. டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் வேலை) அணைத்து, கேபிளை அதன் லேன் துளையில் செருகி, கூடத்து ரூட்டரின் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் நடக்கும்போது இணைப்பு தானாகத் தாவுவதற்கு இது சரியான அமைப்புதான். அமைத்த பிறகு அப்படி ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துபோனதில்தான் கோளாறு. வீட்டார் அதைக் கேபிள்களை இணைக்கும் பெட்டி என்றே நினைத்திருந்தார்கள். அதன் ஐபி முகவரி கையால் அமைத்தது என்பதால் பட்டியலிலும் அது வரவில்லை.

அதன் அமைப்புப் பக்கத்தில் கண்டவை: நிர்வாகப் பாஸ்வேர்டு பெட்டியின் அடியில் ஒட்டிய அதே சொல். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 கலப்பு, டிகேஐபி குறியாக்கத்தோடு. டிகேஐபி பலவீனமானது, போதாததற்கு வேகத்தையும் 54 எம்பிபிஎஸ் காலத்துக்கு இழுத்துவிடும். டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியை இணைக்கும் வசதி) திறந்திருந்தது, பின் (PIN) எண் முறையோடு. அந்த எட்டு இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். ஆகவே பத்துக் கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 போதும். 2011 இறுதியிலேயே வெளியான ஓட்டை இது. பின் எண் கிடைத்தால் பாஸ்வேர்டும் கிடைத்துவிடும், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. இந்த மாடலில் டபிள்யூபிஎஸ்ஸை அணைக்க வழியே இல்லை.

முடிவுகளும் காரணங்களும்

அன்னியர் மூவரில் இருவரின் முகவரிகள் ஒரு டிவியையும் ஒரு டேப்லெட்டையும் காட்டின. வீட்டுப் பெரியவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது: இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டில் நெட் அறுந்து கிடந்தபோது அவரே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தார். படிப்பறையின் சுவர் இரு வீட்டுக்கும் பொது.

மூன்றாவது கருவிக்குத் தயாரிப்பாளர் பெயர் இல்லை. அதன் முகவரியின் இரண்டாவது எழுத்து 6. அந்த இடத்தில் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்று இருந்தால் கருவி தானே புனைந்துகொண்ட மாறுமுகவரி என்று அறியலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் இயல்பாகவே இப்படித்தான் இணைகின்றன. எனவே அது ஒரு கைபேசியாக இருக்க வாய்ப்பு அதிகம். யாருடையது என்று சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் துண்டிப்பது என்று முடிவானது. குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், வீட்டில் நெட்வொர்க்கையே மாற்றுகிறோம் என்றால் போதும். கொடுத்தது இந்த வீடுதான்; அவர்கள் பக்கம் கேமரா போன்ற ஏதாவது இதை நம்பி ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். அந்த மூன்றாவது கருவி இருந்ததால் வேறொரு முடிவும் தேவைப்பட்டது: பாஸ்வேர்டை மட்டும் மாற்றி நிறுத்தாமல், யாரோ உள்ளே வந்து போன வீடாகவே கருதி கூடத்து ரூட்டரையும் முழுதாக அழித்து மறுபடி அமைப்பது.

பழைய ரூட்டரைச் சீர்செய்து வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது. டபிள்யூபிஎஸ் அணையாது, மென்பொருள் புதுப்பிப்பும் வருவதில்லை. அகற்றுவதைத் தவிர வழியில்லை. அதே கேபிளின் முனையில் புதிய அக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) ஒன்று.

நெட்வொர்க் பெயரையும் மாற்றுவதா என்பதில் வீட்டார் தயங்கினார்கள்; 14 கருவிகளிலும் மறுபடி பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். அந்தத் தொல்லைதான் தேவைப்பட்டது. எல்லாக் கருவியும் ஒரு முறை வெளியே விழுந்து, ஒவ்வொன்றாகக் கையால் உள்ளே வந்தால்தான் கணக்கு நம்பத்தக்கதாகும்.

செய்த வரிசை

ரீசெட் பொத்தானில் விரல் வைக்கும் முன் இணைய நிறுவனத்தின் இணைப்பு விவரங்கள் தாளில் எழுதப்பட்டன: பயனர் பெயர், அதன் பாஸ்வேர்டு, வீலேன் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் முறை) எண். இவை இல்லாமல் ரீசெட் செய்தால் வைஃபை எழுந்து நிற்கும், நெட் வராது. நிறுவனத்தின் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு பழைய ரூட்டரின் மின்சாரத்தைத் துண்டித்து, கூடத்து ரூட்டரை ரீசெட் செய்து, மடிக்கணினியைக் கேபிளால் இணைத்து அமைத்தார்கள். வைஃபை வழியாக அமைத்தால் பெயரை மாற்றிய நொடியே இணைப்பு அறுந்து பாதியில் நிற்க நேரும். மென்பொருள் புதுப்பிப்பு முதலில். அடுத்து, வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறான நிர்வாகப் பாஸ்வேர்டு. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, டபிள்யூபிஎஸ், யூபிஎன்பி (கருவிகள் தாமே ரூட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி) மூன்றும் அணைப்பு. ரீசெட்டுக்கு முன் எடுத்த படங்களைப் பார்த்ததில் டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரி மாற்றப்படாமல், நிறுவனம் தந்ததாகவே இருந்தது. ஆனால் எப்போதோ இருந்த ஒரு கேமராவுக்காக வெளியுலகத்துக்குத் திறந்த போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) ஒன்று அப்படியே கிடந்தது. அதை மறுபடி சேர்க்கவில்லை.

பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு. ஏஇஎஸ் குறியாக்கம் மட்டும், டிகேஐபி கிடையாது. டபிள்யூபிஏ2-வில் ஒரு கருவி இணையும் உரையாடலை யாராவது ஒரு முறை பதிவுசெய்துகொண்டால் போதும், பிறகு வீட்டுப் பக்கமே வராமல் தம் கணினியில் பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருக்கலாம். ரூட்டருக்குத் தெரியவே தெரியாது. டபிள்யூபிஏ3 இதைத் தடுக்கிறது, ஆனால் கலப்பு முறையில் பழைய கருவிகளுக்காக அந்த வாசல் திறந்தே இருக்கிறது. ஆகவே நீளம்தான் காவல்.

பாஸ்வேர்டுக்கு, அகராதியைக் கண்மூடித் திறந்து எடுத்த ஐந்து தமிழ்ச் சொற்கள். ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடையில் கோடு போட்டு. 4,000 சொற்களிலிருந்து இப்படி ஐந்தை எடுத்தால் சேர்க்கைகளின் எண்ணிக்கை 1-க்குப் பின்னால் 18 பூஜ்யம். பழமொழியோ பாட்டு வரியோ ஆகாது, சொற்களுக்குள் தொடர்பு இருக்கக் கூடாது. இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ‘வாழை’ போன்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ழகரமும் நெடிலும் வரும் சொற்களைத் தள்ளி, ‘மரம்’, ‘மலர்’ போல ஒரே விதமாக எழுத வரும் சொற்களையே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெரிய எழுத்தும் குறிகளும் சேர்க்கவில்லை. டிவி ரிமோட்டால் அடித்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

விருந்தினர் நெட்வொர்க் ஒன்று தனிப் பெயரில், 2.4 கிகாஹெர்ட்ஸில், டபிள்யூபிஏ2-வில் அமைந்தது. வருவோர் போவோருக்கும் பல்பு, கேமராவுக்கும் அது. ஒருவர் கைபேசியில் ஏறிய பாஸ்வேர்டை அவர் கியூஆர் குறியாக யாருக்கும் காட்டிவிடலாம். விருந்தினருக்கு முதன்மைப் பாஸ்வேர்டு போகாமல் இருந்தால் அந்தக் கசிவு வாசல் திண்ணையோடு நிற்கும்.

இடறிய இடங்கள்

மூன்று பல்புகளும் முதல் முயற்சியில் சேரவில்லை. அமைக்கும் கைபேசி முதன்மை நெட்வொர்க்கில் இருந்தது காரணம். கைபேசியைத் தற்காலிகமாக விருந்தினர் நெட்வொர்க்குக்கு மாற்றிய பிறகு சேர்ந்தன.

பிரின்டரையும் விருந்தினர் பக்கம் போட்டுப் பார்த்ததில் அச்சு நின்றுபோனது. விருந்தினர் நெட்வொர்க்கில் இருப்பவர்களை முதன்மைப் பக்கத்திலிருந்து பிரித்து வைப்பதுதான் அந்த வசதியின் வேலையே. பிரின்டர் முதன்மைக்குத் திரும்பியது.

பலருக்கும் தெரியாத இடறல் ஒன்று உண்டு. புதிய அக்சஸ் பாயின்ட்டிலும் விருந்தினர் வசதி இருந்தது. சோதித்தபோது அதில் இணைந்த கைபேசியால் பிரின்டரையும் கூடத்து ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தையும் திறக்க முடிந்தது. வீலேன் பிரிவினை இல்லாமல் கேபிளால் பாலம் போட்ட கருவியில் ‘விருந்தினர்’ என்பது பல நேரம் பெயரளவில்தான். அந்த வசதி அங்கே அணைக்கப்பட்டது. விருந்தினர் நெட்வொர்க் கூடத்து ரூட்டரில் மட்டும்.

பிறகு நடந்தது

சொல்லப் போனபோது பக்கத்து வீட்டார் திகைத்தார்கள். தங்கள் நெட் சரியானதுமே அதற்கு மாறிவிட்டதாக நினைத்திருந்தார்கள். டிவியும் டேப்லெட்டும் சேமித்த பழைய இணைப்பை மறக்கவில்லை. சுவருக்கு அப்பால் படிப்பறை சுவிட்ச் போடப்படும் நாட்களில் பலமான சிக்னலைத் தேடி அவை தாமாகவே தாவியிருக்கின்றன.

அடுத்த நான்கு சனிக்கிழமை இரவுகளில் பட்டியல் எடுக்கப்பட்டது. எதிர்பார்த்தது 15 வரிகள்: வீட்டுக் கருவிகள் 14, அக்சஸ் பாயின்ட் 1. முதல் வாரம் 16 இருந்தது. கூடுதல் வரி இளைய மகளின் கைபேசி. முந்தின நாள் விருந்தினர் நெட்வொர்க்கில் இருந்தது. மாறுமுகவரி ஒவ்வொரு நெட்வொர்க் பெயருக்கும் வேறாக இருக்கும் என்பதால் ஒரே கைபேசி இரண்டு ஆளாகத் தெரிந்தது. மற்ற மூன்று வாரங்களிலும் 15. மூன்றாவது அன்னியக் கருவி திரும்ப வரவில்லை. யாருடையது என்பது தெரியாமலே போயிற்று.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். மாலை நேர இழுவை தீர்ந்ததற்கு அன்னியர் வெளியேறியது மட்டும் காரணமில்லை. கூடத்து ரூட்டரும் பழைய ரூட்டரும் ஒரே 6-ஆம் சேனலில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன. இப்போது கூடம் 1-இல், பின்னறை 11-இல், இரண்டும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில். முன்னேற்றத்தில் பெரும் பங்கு இதற்குத்தான் போக வேண்டும் என்று தோன்றுகிறது. அன்னியர் இல்லாத வார நாட்களிலும் நெட் இழுப்பதாக வீட்டார் சொல்லியிருந்தார்களே, அது அண்டை வீடுகளின் நெரிசல். அது முழுதாகத் தீரவில்லை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறக்கூடிய கருவிகள் மாறியதில் குறைந்தது.

மறுபடி செய்தால்

முதல் கேள்வி பாஸ்வேர்டு பற்றியதாக இராது. ‘வீட்டில் விளக்கு மினுக்கும் பெட்டிகள் எத்தனை’ என்பதாக இருக்கும். ரூட்டரின் பின்புறக் கேபிள்களை எண்ணி, லேன் தலைப்பில் உள்ள கருவிகளோடு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். அதை முதலில் செய்திருந்தால் மற்றக் கணக்கெடுப்பில் பாதி தேவைப்பட்டிருக்காது.

பக்கத்து வீட்டாரிடம் சொல்வதற்காக இரண்டு நாள் காத்தது மரியாதைதான், சரியான முடிவா என்பது சந்தேகம். அடையாளம் தெரியாத மூன்றாவது கருவி உள்ளே இருக்கும்போது பழைய ரூட்டரை அந்த நிமிடமே அணைத்துவிட்டு, அதே மணி நேரத்தில் கதவைத் தட்டியிருக்கலாம். காத்திருந்தபோதும் அந்த நேரம் பயன்படவில்லை: மூன்றாவது கருவி எந்த நேரத்தில் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்ற பதிவைப் பழைய ரூட்டரிலிருந்து எடுத்துவைக்காமலே அதன் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அந்த மாடலின் பதிவு நினைவகத்தில் மட்டுமே இருக்கும், மின்சாரம் போனால் அழியும். துண்டிக்கும் முன் திரையைப் படம் எடுத்திருந்தால் போதுமாயிருந்தது.

14 கருவிகளின் பெயர், மேக் முகவரி, எந்த நெட்வொர்க் என்ற விவரம் இப்போது ஒரு தாளில், ரூட்டருக்கு மேலுள்ள அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. மாறுமுகவரி உள்ள கைபேசிகளுக்கு எதிரில் இரண்டு முகவரிகள். அக்சஸ் பாயின்ட்டின் ஐபி முகவரி முதல் வரியில்.